ட்ரூ லைஸ் 4கே: அந்த முகங்களைத் திருத்தச் சொன்னது யார்?

ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்' திரைக்கு வந்தது 1994 ஜூலையில். அமெரிக்காவில் 1999-இல் அதற்கு ஒரு டிவிடி வந்தது. அதோடு சரி. டிவிடிக்கு அடுத்த தலைமுறை டிஸ்க்கான ப்ளூ-ரேயின் காலம் தொடங்கி, உச்சிக்குப் போய், தேயவும் ஆரம்பித்துவிட்டது. இந்தப் படத்துக்கு அங்கே ப்ளூ-ரே வரவே இல்லை. கடைசியில் 2024 மார்ச்சில், ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான படம் தரும் 4கே டிஸ்க் வந்தது. அதே இயக்குநரின் 'ஏலியன்ஸ்', 'தி அபிஸ்' இரண்டும் கூடவே வந்தன. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில் டிஜிட்டலாக வந்த அன்றே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள்.

ஒரு தரப்பு, இத்தனை பளிச்சென்று இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, நேற்று எடுத்த படம் மாதிரி இருக்கிறது என்றது. இன்னொரு தரப்பு, அர்னால்ட் மெழுகு பொம்மையாகிவிட்டார், பின்னால் நிற்கிறவர்களின் முகங்கள் குழம்பிக் கிடக்கின்றன, தலைமுடி கம்பி கம்பியாகத் தெரிகிறது என்று கொதித்தது. நான் இரண்டாவது தரப்பு. ஆனால் அந்தத் தரப்பில் பலர் சொல்லும் காரணம் எனக்குப் போதவில்லை. பழைய படம் பழையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். என் வருத்தம் வேறு. இது ஒரு ஆக்‌ஷன் படம். 'இது கேமராவுக்கு முன்னால் நிஜமாகவே நடந்தது' என்று நாம் நம்புவதில்தான் ஆக்‌ஷன் படத்தின் உயிர் இருக்கிறது. இந்த டிஸ்க் அந்த நம்பிக்கையிலேயே கை வைத்துவிட்டது.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹாரி டாஸ்கர் (அர்னால்ட்) உளவாளி. கம்ப்யூட்டர் விற்கிறவன் என்று மனைவி ஹெலனை நம்ப வைத்திருக்கிறான். 1991-இல் வந்த ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படம்தான் கதைக்கு மூலம். நூறு மில்லியன் டாலருக்கு மேல் செலவான முதல் படம் என்று இதைப் பரவலாகச் சொல்வார்கள். அந்தப் பணம் எங்கே போனது என்பதைத் திரையில் கண்ணால் பார்க்கலாம். நின்ற இடத்திலிருந்தே மேலெழும் ஹாரியர் போர் விமானங்கள் மூன்றை அமெரிக்க மரைன் படையிடமிருந்து, சுமார் ஒரு லட்சம் டாலர் கட்டணத்துக்கு, விமானிகளோடு வாடகைக்கு எடுத்தார்கள். மயாமியில் உயரமான ஒரு கட்டடத்தின் உச்சியில் முழு அளவு ஹாரியர் மாதிரி ஒன்றை அசையும் மேடையில் நிறுத்தி, அதன்மேல் அர்னால்டை உட்கார வைத்துப் படம் பிடித்தார்கள். அவருக்குப் பின்னால் தெரியும் நகரம் நிஜ நகரம்தான். ஃப்ளோரிடாவின் ஏழு மைல் பாலத்தில் கார் துரத்தல். அதன் உச்சத்தில் ஓடும் காரிலிருந்து ஹெலனை ஹெலிகாப்டரில் தூக்குவார்கள். அதற்கான ஆபத்தான ஸ்டண்டைச் செய்தவர் ஒரு ஸ்டண்ட் கலைஞர். ஆனால் நெருக்கக் காட்சிகளுக்காக, ஹெலனாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸே கடலுக்கு மேல் ஹெலிகாப்டரில் தொங்கினார். கேமராவைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தபடி அதைப் படமாக்கியவர் கேமரூனேதான்.

அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு நடிகை. கீழே தண்ணீர். காற்றில் முடி வாயில் அடைக்கிறது, கன்னம் இழுபடுகிறது, கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த முகத்தில் பாதி நடிப்பு, பாதி உண்மையான பயம். இந்தப் படத்தின் ஆக்‌ஷனில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அந்த முகத்தின் ஒவ்வொரு துணுக்கும் எனக்கு வேண்டும்.

இப்படியொரு படம் வீடுகளுக்குப் போன கதை பரிதாபமானது. 1999 டிவிடி, பழைய சதுர டிவிக்காகச் செய்தது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் படம். அந்தப் பட்டைகளும் டிஸ்க்கின் வரிகளையே தின்றன. இருந்த 480 வரிகளில் படத்துக்கு மிஞ்சியது சுமார் 270தான். அகலத் திரை டிவி வந்த பிறகு அதைப் போட்டால் படம் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைபட்டு நாலு பக்கமும் கறுப்பாகத் தெரியும். பெரிதாக்கினால் எல்லாம் கலங்கும். டி-விஎச்எஸ் என்று ஒரு உயர்தர டேப் வடிவம் கொஞ்ச காலம் இருந்தது. அதில் இந்தப் படம் வந்தது. அந்த இயந்திரத்தை வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. எனவே பெரும்பாலான ரசிகர்கள் இந்த டிவிடியை வைத்துக்கொண்டோ, டிவியில் போட்டதைப் பார்த்தோதான் காலம் தள்ளினார்கள். நானும் கேபிள் டிவியில் விளம்பரங்களுக்கு நடுவே பார்த்து வளர்ந்தவன்தான்.

ஆகவே 4கே வருகிறது என்றதும் இருந்த எதிர்பார்ப்பு சாதாரணமானது அல்ல.

என்ன செய்தார்கள்? நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சனின் பார்க் ரோட் போஸ்ட் நிறுவனத்திடம் வேலை போனது. முதல் உலகப் போரின் பழைய படச்சுருள்களையும், பீட்டில்ஸ் குழுவின் ஒத்திகைச் சுருள்களையும் துலக்கிக் கொடுத்த இடம் அது. செயற்கை நுண்ணறிவு கலந்த மென்பொருளை வைத்துப் படத்தின் கிரெய்னை, அதாவது ஃபிலிமில் தெரியும் நுண்துளிகளை, அகற்றி, பிறகு கூர்மையைக் கூட்டினார்கள். நூறு வருடப் பழமையான, சிதைந்த போர்க்களச் சுருளுக்கு அது வரப்பிரசாதம். அங்கே ஒரு சிப்பாயின் முகமே தெரியாது, மென்பொருள் ஏதோ ஒரு முகத்தையாவது மீட்டுத் தருகிறது. ஒளிப்பதிவாளர் ரஸ்ஸல் கார்ப்பென்டர் 35 மி.மீ. ஃபிலிமில் நல்ல வெளிச்சம் அமைத்து எடுத்த 1994-ஆம் வருடப் படத்தில் மீட்க வேண்டிய முகம் எதுவும் தொலைந்து போகவில்லை. எல்லாம் நெகட்டிவிலேயே இருந்தது.

கிரெய்ன் என்பதை டிவி சிக்னல் கோளாறில் வரும் இரைச்சல் மாதிரி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அப்படி அல்ல. ஃபிலிமில் வெளிச்சத்தை வாங்குவது வெள்ளி உப்புப் படிகங்கள். கலர் ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி போய்விடும், அது இருந்த இடத்தில் சாயத் துளிகள் நிற்கும். அந்தத் துளிகள் சேர்ந்துதான் படம். துளிகளை எடுத்துவிட்டால் பின்னால் சுத்தமான படம் ஒன்று ஒளிந்திருக்கும் என்பது தப்பு. கோலத்திலிருந்து மாவைத் துடைத்துவிட்டுக் கோலத்தைத் தேடுகிற மாதிரி அது. ஒரு ஃபிரேமில் இருக்கும் துளிகளின் அமைப்பு அடுத்த ஃபிரேமில் இருக்காது. நொடிக்கு 24 முறை மாறும். ஓடும்போது நம் கண் அவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஒரு தனி ஃபிரேமில் இருப்பதைவிட நுணுக்கமான உருவத்தைக் காண்கிறது.

மென்பொருள் இதைக் குறைக்கும்போது அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, மாறிக்கொண்டே இருப்பதை நீக்கப் பார்க்கிறது. சிக்கல் என்னவென்றால், தோலின் துவாரம், தாடியின் முள், சட்டைத் துணியின் நெசவு எல்லாமே கிட்டத்தட்ட அந்தத் துளிகளின் அளவுதான். கிரெய்ன் போகும்போது அவையும் சேர்ந்து போகின்றன. முகம் வழவழவென்று ஆகிறது. அதைச் சரிகட்ட ஓரங்களைக் கூர்மையாக்கினால் மூக்கின் விளிம்பும் காலரும் வெட்டி ஒட்டியது போலத் தெரிகின்றன. அங்கேதான் செயற்கை நுண்ணறிவு நுழைகிறது. போனதற்குப் பதிலாக, இங்கே இமை இப்படி இருக்கும், பல் இப்படி இருக்கும் என்று ஊகித்து வைக்கிறது. அருகில் இருக்கும் முகத்தில் அந்த ஊகம் ஓரளவு சரியாக அமைகிறது. தூரத்தில், விருந்துக் கூட்டத்தில் நிற்கும் ஒருவரின் முகம் சில துளிகள் மட்டுமே. அங்கே ஊகம் தடுமாறி, மனித முகம் போலவே இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறது.

இந்த டிஸ்க்கை நான் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது முதலில் மனதைக் கெடுத்தது அர்னால்டின் நெற்றி. நாற்பதுகளின் நடுவில் இருந்த ஒரு மனிதரின் நெற்றி அது, கோடுகள் உண்டு. கோடுகள் இருக்கின்றன, ஆனால் வரைந்தவை மாதிரி இருக்கின்றன. சில காட்சிகள் அருமையாக இருப்பதையும் சொல்ல வேண்டும். ஃப்ளோரிடாக் கடலின் நீலம், இரவில் வெடிக்கும் தீ, உலோகத்தின் மினுக்கம் எல்லாம், வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்.டி.ஆர் முறையில் கண்ணை நிறைக்கின்றன. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் பிரமாதம். ஹாரியர் மிதக்கும்போது வீட்டுக் கூரையே அதிர்கிறது. பளிச்சென்று இருக்கிறது என்று சந்தோஷப்பட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தச் சின்னப் பெட்டி டிவிடியிலிருந்து இதற்கு வருகிறவருக்கு இது மலையளவு முன்னேற்றம்.

எனக்கு இடிப்பது ஸ்டண்ட் காட்சிகள். ஹெலிகாப்டரில் தொங்கும் அந்த முகத்தை இந்த டிஸ்க்கில் பார்க்கும்போது, என்னை அறியாமல் மனதில் ஒரு சந்தேகம் ஓடுகிறது: இது கம்ப்யூட்டரில் செய்ததோ? அவர் நிஜமாகவே தொங்கினார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இன்று கம்ப்யூட்டரில் உருவாக்கிய முகங்களை நாம் தினமும் பார்க்கிறோம். அந்த வழவழப்பை நம் கண் பழகி வைத்திருக்கிறது. அதே வழவழப்பை உயிரைப் பணயம் வைத்து எடுத்த காட்சியின் மேல் பூசினால், அந்த உழைப்பு பொய்யாகத் தெரிகிறது. ஸ்டண்ட் கலைஞர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் படத்தில் நிஜ விமானம், மாதிரி விமானம், சிறிய அளவில் கட்டி வெடிக்க வைத்த பாலம், கம்ப்யூட்டர் வரைகலை எல்லாம் கலந்து வருகின்றன. சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. இந்தத் துண்டுகளை ஒன்றாகக் கட்டி வைத்திருந்ததில் கிரெய்னுக்குப் பெரிய பங்கு. எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி படர்ந்திருந்ததால் எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதை எடுத்ததும் சில இடங்களில் ஒட்டுவேலை பல்லைக் காட்டுகிறது. விளைவுக் கலைஞர்கள் மறைத்து வைத்ததை டிஸ்க் காட்டிக்கொடுக்கிறது.

இந்தச் சண்டை புதிது அல்ல. ஜான் மெக்டியர்னனின் 'பிரிடேட்டர்' 1987 படம். மெக்சிகோக் காட்டில், இலைகளுக்கு அடியில் மங்கிய வெளிச்சத்தில் எடுத்ததால் கிரெய்ன் தூக்கலாக இருக்கும். 2010-இல் அந்த வரிசையில் புதிய படம் வந்தபோது இதற்கும் புது ப்ளூ-ரே போட்டார்கள். கிரெய்னை வழித்து எடுத்துவிட்டிருந்தார்கள். வியர்வையும் சேறும் படிந்த வீரர்கள் பிளாஸ்டிக் பொம்மைகளாக நின்றார்கள். பார்வையாளர்கள் அன்று போட்ட கூச்சல் இன்றும் பேசப்படுகிறது. 2018-இல் அதன் 4கே வந்தபோது கிரெய்ன் திரும்பி வந்திருந்தது, சேறு மறுபடியும் சேறாகத் தெரிந்தது. கேமரூனின் 'டெர்மினேட்டர் 2' கதை இதற்கு நேர்மாறு. 2017-இல் அதை முப்பரிமாணத்துக்கு மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். முப்பரிமாண மாற்றத்துக்குக் கிரெய்ன் தொந்தரவு. அதை நீக்கிச் செய்த வேலையே 4கே டிஸ்க்குக்கும் அடிப்படையானது. அந்த மெழுகு முகங்களைப் பற்றி இன்றுவரை ரசிகர்களுக்கு ஆறவில்லை.

கேமரூன் தரப்பையும் கேட்க வேண்டும். அவருக்குக் கிரெய்ன் என்றைக்கும் பிடித்ததில்லை. 'ஏலியன்ஸ்' 1986-இல் வந்தபோது அவர் கையில் இருந்த ஃபிலிம் வகை அவருக்குத் திருப்தி தரவில்லை என்று 2010 ப்ளூ-ரே சமயத்திலேயே சொல்லியிருக்கிறார். அதாவது, அந்தத் துளிகள் அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தவை அல்ல, அன்றைய தொழில்நுட்பம் அவர்மேல் திணித்தவை. இன்று அதை நீக்க வழி இருக்கும்போது நீக்குகிறார். ஒரு கலைஞன் தன் படைப்பைத் திருத்துவதற்கு உரிமை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பார்வையாளர்களுக்கு அவர் சொன்ன பதில் என்னை வருத்தியது. கிரெய்னை ஆராய்ந்து விமர்சனம் செய்கிறவர்கள் அம்மா வீட்டு நிலவறையை விட்டு வெளியே வந்து நாலு பேரைச் சந்திக்க வேண்டும் என்கிற பொருளில் 'எம்பயர்' பத்திரிகையில் பேசினார். குறை சொன்னவர்கள் யார்? முப்பது வருடம் இந்தப் படத்தை விடாமல் நேசித்து, ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருந்து, காசு கொடுத்து வாங்கியவர்கள். அந்த முகங்களை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்ததால்தான் மாற்றம் அவர்கள் கண்ணில் பட்டது.

இயக்குநருக்கு உரிமை இருக்கிறது, சரி. ஆனால் அது கார்ப்பென்டரின் ஒளிப்பதிவும்கூட. கர்ட்டிஸின் முகமும்கூட. இந்தப் படத்துக்காக அவருக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது. விசாரணை அறைக் காட்சியில் அவர் முகத்தில் ஓடும் அவமானமும் கோபமும் தனிமையும் இல்லையென்றால் அந்தக் காட்சி நிற்காது.

அந்தக் காட்சியைப் பற்றியே பார்வையாளர்களின் கருத்து இந்த முப்பது வருடத்தில் நிறைய மாறியிருக்கிறது. கணவன் அரசாங்க ஆட்களை வைத்து மனைவியை வேவு பார்த்து, இருட்டறையில் உட்கார வைத்து, குரலை மாற்றிக்கொண்டு கேள்வி கேட்கிறான். அன்று தியேட்டரே சிரித்ததாம். இன்று பார்க்கிறவர்களில் பலர் நெளிகிறார்கள். நானும் நெளிகிறேன். அரபு வில்லன்களைக் காட்டிய விதத்துக்கு 1994-லேயே அமெரிக்காவில் அரபு அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, அந்தக் குறை நியாயமானது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, பயங்கரவாதம் இனி வேடிக்கை அல்ல என்று சொல்லி இரண்டாம் பாகத்தையே கேமரூன் கைவிட்டார். இதையெல்லாம் வைத்து இந்தப் படத்தை மறுபடி எடை போட வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு அன்று மக்கள் பார்த்த அதே படம் வேண்டும். முகங்களின் உணர்ச்சியை ஒரு மென்பொருள் இழைத்துத் தந்த பிறகு எதை எடை போடுவது?

நம் ஊரிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. யூடியூபில் பழைய தமிழ்ப் பாடல்களை '4கே' என்று போட்டு ஏற்றுகிறார்கள். பெரும்பாலானவை நெகட்டிவிலிருந்து வந்தவை அல்ல, ஏதோ பழைய டேப்பை மென்பொருளில் போட்டு ஊதிப் பெருக்கியவை. நாகேஷின் முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. அந்தத் தழும்புகளோடுதான் அவர் நாகேஷ். அவரை வழவழப்பாக்கித் தருகிற எதையும் என்னால் மேம்பாடு என்று ஏற்க முடியவில்லை. 2012-இல் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு வந்தபோது தியேட்டரில் கூட்டம் அலைமோதியது. பழைய படங்களைச் சீராகப் பார்க்க இங்கே ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்குக் குறுக்கு வழியில் தீனி போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டிஸ்க் என்பதால்தான் என் ஏமாற்றம் இன்னும் கூடுகிறது. ஸ்ட்ரீமிங்கில் கிரெய்ன் பெரும் சுமை. ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் அதைச் சுருக்குவது கடினம். ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையில் கிரெய்னை எடுத்துவிட்டு அனுப்பி, பார்க்கிற கருவியிலேயே அதைப் போன்ற ஒன்றைத் தூவும் வசதியே இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் 4கே டிஸ்க்கில் 66 அல்லது 100 ஜிபி இடம் இருக்கிறது. நொடிக்கு நூறு மெகாபிட்டுக்கு மேல்கூடத் தர முடியும். கிரெய்னை அப்படியே தாங்குவதற்கென்றே அமைந்த வடிவம் அது. அந்த இடத்தை வைத்துக்கொண்டு கிரெய்ன் இல்லாத படத்தைத் தருவதை என்னவென்று சொல்ல.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: சேர்ந்து வந்த கேமரூனின் மூன்று படங்களில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'தி அபிஸ்' வாங்குங்கள். மூன்றில் அதில்தான் கைவைப்பு குறைவாகத் தெரிகிறது, பெரும்பாலானவர்களின் கருத்தும் அதுவே. 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு டிஸ்க்கும் நம் பிளேயரில் ஓடும். 'ட்ரூ லைஸ்' வாங்கினால் டிவியில் ஷார்ப்னஸைக் குறைத்து, இரைச்சல் நீக்கும் வசதியையும் அசைவைச் சீராக்கும் வசதியையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். டிஸ்க் செய்திருப்பதற்கு மேல் டிவியும் தன் பங்குக்குச் சேர்க்க வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் முகங்கள் தேறும்.

ஸ்டுடியோவிடம் நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. 'பிளேட் ரன்னர்' படத்துக்கு 2007-இல் ஐந்து வடிவங்களையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றார்கள். அதேபோல் கேமரூனுக்குப் பிடித்த சுத்தமான வடிவம் ஒரு டிஸ்க்கில் இருக்கட்டும், நெகட்டிவை ஸ்கேன் செய்து நிறத்தை மட்டும் சரிசெய்த வடிவம் இன்னொன்றில் இருக்கட்டும். 'பிரிடேட்டர்' ரசிகர்களுக்குக் கிரெய்ன் உள்ள வடிவம் எட்டு வருடம் கழித்துக் கிடைத்தது. இதற்கும் அப்படி ஒன்று வந்தால், இதே படத்தை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குவேன். வாங்கியதும் முதலில் அந்த ஹெலிகாப்டர் காட்சியைத்தான் போட்டுப் பார்ப்பேன்.